பலகை, துளை, நேரான ஒரு கட்டை

வீட்டில் பொழுதுபோக்காக மரவேலை தொடங்குகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. மரத்தில் காடி குடையும் ரூட்டரில் நுணுக்கமான வேலை வேண்டுமென்றால் முதலில் நுணுக்கமான ரூட்டர் மேசை வேண்டும் என்பதே அது. மேல்தளம் வார்ப்பிரும்பாக இருக்க வேண்டும். நடுவே அலுமினியத் தகடு, அதன் அடியில் ரூட்டரை மயிரிழை அளவில் ஏற்றி இறக்கும் லிஃப்ட், மரத்தை ஒட்டித் தள்ள நேர்த்தடுப்பாக நின்று, இரண்டாகப் பிரிந்து தனித்தனியே நகரும் ஃபென்ஸ், கீழே இழுப்பறைகள் கொண்ட அலமாரி. இவ்வளவும் சேர்ந்த பிறகுதான் முதல் காடியை எடுக்கலாம் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள். பணம் சேரும் வரை சிலர் காத்திருக்கிறார்கள். வேறு சிலர் தாமே கட்டுகிறோம் என்று இறங்கி, மாதக்கணக்கில் மேசையையே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வரவேண்டிய புத்தக அலமாரி வரவே இல்லை.

இந்த நம்பிக்கை தவறு. செலவு வைக்கிறது என்பது அதன் சின்னக் குறை. துல்லியம் எங்கிருந்து வருகிறது என்பதையே அது தப்பாகக் கற்பிக்கிறது, அதுதான் பெரிய குறை.

ரூட்டர் எளிய கருவி. வேகமாகச் சுழலும் மோட்டார், அதன் முனையில் மரத்தை வெட்டும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட், நிற்பதற்கு ஒரு தட்டையான அடித்தளம், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஆர். எல். கார்ட்டர் என்பவர் முதல் உலகப்போர்க் காலத்தில் கைமின்கருவியாக இதைச் செய்து விற்றார். அவருடைய தொழிலை 1929இல் ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. இந்தக் கருவியைத் தலைகீழாக ஒரு பலகைக்கு அடியில் திருகி, பிட் மட்டும் துளை வழியே மேலே தெரியும்படி வைத்தால் அதுதான் ரூட்டர் மேசை. கருவியை மரத்தின் மேல் நகர்த்துவதற்குப் பதிலாக மரத்தைக் கருவியின் மேல் நகர்த்துகிறோம். சின்னத் துண்டுகளுக்கும் மெல்லிய சட்டங்களுக்கும் இது பெரிய வசதி. அந்த வசதிக்காக நானும் எப்போதும் மேசையையே நாடுகிறேன். என் சண்டை மேசையோடு அல்ல, அது ஆடம்பரமாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு.

அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 1989 முதல் 2009 வரை ஓடிய ‘நியூ யாங்கி ஒர்க்‌ஷாப்’ நிகழ்ச்சியில் நார்ம் ஏப்ரம் இழுப்பறைகளோடு ஒரு ரூட்டர் மேசையைக் கட்டிக் காட்டினார். அழகான வேலை. ஆனால் அது வாரந்தோறும் ஒரு மரச்சாமானைக் கட்டிக் காட்டியவரின் பட்டறைக்கு ஏற்ற மேசை. மொட்டைமாடியிலோ கார் நிறுத்தும் இடத்திலோ ஞாயிற்றுக்கிழமை மட்டும் மரம் இழைக்கிறவர் அதையே முதல்படியாகக் கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

ஃபென்ஸைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மூடநம்பிக்கை மிக அடர்ந்திருப்பது அங்கேதான். மேசை ரம்பத்தில் ஃபென்ஸ் வாளுக்கு இணையாக இருந்தே தீர வேண்டும், ஏனென்றால் வாள் ஒரு தட்டையான வட்டத்தகடு. அதற்குத் திசை உண்டு. ஃபென்ஸ் கோணலானால் மரம் வாளின் பின்பகுதியில் நெரிந்து கருகும், எகிறி மேலே பாயும். அந்த அச்சம் நியாயமானது. அதை அப்படியே ரூட்டர் மேசைக்குக் கொண்டுவந்ததுதான் பிழை. ரூட்டர் பிட் உருளை; அதற்குத் திசையே கிடையாது. ஃபென்ஸ் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும், அந்த நேர்க்கோட்டிலிருந்து பிட்டின் மையம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற ஒரே ஒரு தூரம்தான் வெட்டைத் தீர்மானிக்கிறது. மேசையின் விளிம்புக்கு இணையாக இருக்கிறதா, சாய்ந்து கிடக்கிறதா என்பது மரத்துக்குத் தெரியவே தெரியாது.

இதைப் புரிந்துகொண்டால் விலையுயர்ந்த நுண்திருகு எதற்கு என்ற கேள்வி தானாக எழும். நேரான ஒரு கட்டையை எடுத்து, ஒரு முனையில் ஒற்றை போல்ட் போட்டு மேசையோடு பிணையுங்கள். மறுமுனையை ஒரு கிளாம்பால் இறுக்குங்கள். கட்டை அந்த போல்ட்டைச் சுற்றித் திரும்பும். பிட் கட்டையின் நடுப்பகுதியில் இருந்தால், மறுமுனையை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தும்போது பிட்டின் அருகே அது அரை மில்லிமீட்டர்தான் நகரும். போல்ட்டுக்கு இன்னும் பக்கத்தில் பிட் இருந்தால் இன்னும் குறைவாக நகரும். மறுமுனையில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துவிட்டுச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் காகித கனத்துக்குக்கூட நகர்த்தலாம். வடிவக் கணிதம் இலவசமாகத் தரும் நுண்திருகு இது.

கட்டையிடம் நாம் கேட்க வேண்டியவை இரண்டுதான்: நீளவாட்டில் நேராக இருக்க வேண்டும், முகம் மேசைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இரண்டாவதை மூலைமட்டம் ஒரு நொடியில் சொல்லிவிடும். கோணம் பிடித்துத் தள்ளும் அளவிக்காக மேசையில் தனியாக ஒரு பள்ளம் வெட்டினால் மட்டும் ஃபென்ஸ் அந்தப் பள்ளத்துக்கு இணையாக இருக்க வேண்டிவரும். அந்தப் பள்ளமே தேவையில்லை. மூலைகள் சதுரமாக வெட்டிய ஒரு மரத்துண்டை ஃபென்ஸோடு ஒட்டித் தள்ளினால் சட்டத்தின் முனையைச் செங்குத்தாகக் கடத்திவிடலாம். பின்விளிம்பில் நார் பிய்வதையும் அதே துண்டு தடுத்துவிடும்.

பலகையின் கனத்துக்குச் சரியாக நடுவில் காடி வேண்டுமா? அளவுகோலை எடுத்து மையம் தேடாதீர்கள். ஒருமுறை ஓட்டுங்கள், பலகையைத் திருப்பி மறுமுகத்தை ஃபென்ஸில் வைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள். ஃபென்ஸில் இருந்த பிழை இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்து, காடி தானாக நடுவில் வந்து உட்காரும். அதன் அகலத்தை மட்டும் கழிவுத்துண்டில் பார்த்துக்கொண்டால் போதும். பலகையின் விளிம்பை நேராக்க இரட்டை ஃபென்ஸ் வேண்டும் என்பார்கள். மரத்தை மேசையில் வலமிருந்து இடமாகத் தள்ளுகிறோம். ஃபென்ஸின் இடப்பாதியில் ஒரு மில்லிமீட்டர் மைக்காவை ஒட்டி, பிட்டின் வெட்டுமுகத்தை அந்த மைக்காவின் முகத்தோடு சமமாக வைத்தால் அது இழைப்பு யந்திரமாகவே வேலை செய்யும்.

லிஃப்டின் முகப்பில் ஆயிரத்தில் ஒரு அங்குலம் என்று அளவு பொறித்திருக்கும். அதாவது 0.025 மில்லிமீட்டர். மரம் அந்த அளவை மதிப்பதில்லை. 100 மில்லிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகையின் ஈரப்பதம் நான்கு விழுக்காடு மாறினால், அது அறுக்கப்பட்ட திசையைப் பொறுத்து முக்கால் மில்லிமீட்டர் வரை அகலத்தில் சுருங்கும் அல்லது விரியும். ஓக் மரம் அதைப்போல் இருமடங்கு. சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் இடையில் இது இயல்பாக நடக்கிறது. நல்ல மூட்டுக்கு முகப்பில் உள்ள எண் உதவாது. அதே மரத்தின் கழிவுத்துண்டில் வெட்டி, இணையவேண்டிய துண்டைச் செருகிப் பார்த்து, இறுக்கமா தளர்வா என்று கைவிரலால் அறிவதே அளவு. எந்த மேசையில் செய்தாலும் அந்தச் சோதனை வெட்டிலிருந்து தப்ப முடியாது. தப்பலாம் என்று சொல்லித்தான் லிஃப்டை விற்கிறார்கள். பல சமயம் அந்த லிஃப்ட் மட்டுமே அதில் மாட்டும் ரூட்டரைவிட விலை கூடியது.

மேசையின் நடுவே பதிக்கும் தகடும் இப்படித்தான். தகட்டைப் பதிக்க மேசையில் பெரிய சதுரத் துளை வெட்ட வேண்டும். ஆறேழு கிலோ எடையுள்ள பெரிய ரூட்டர் அதில் தொங்கினால், துளையால் பலவீனமான பலகை நாளடைவில் தொய்யும். தகட்டின் விளிம்பு மேசையோடு சமமாக இல்லாவிட்டால் மரம் அங்கே முட்டி நிற்கும். அதைச் சமன்செய்ய மூலைக்கு மூலை திருகு வேண்டும். தகடு தானே உண்டாக்கிய சிக்கலைத் தீர்க்க அடுத்தடுத்து சாமான் வாங்குகிறோம். ரூட்டரை நேராகப் பலகையில் திருகிவிட்டால் இதில் எதுவுமே எழாது.

அப்படிப்பட்ட மேசைக்கு, நீர் தாங்கும் தரத்தைக் குறிக்கும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒரு துண்டு வாங்குங்கள். இருபக்கமும் மைக்கா ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளையும். ரூட்டர் உட்காரும் இடத்தில் மட்டும் அடிப்பக்கத்தைக் குடைந்து, எட்டு மில்லிமீட்டர் கனம் மிஞ்சும்படி விடுங்கள். அடியில் இரண்டு ரீப்பர்களை நெடுக்கில் பசையும் திருகும் போட்டு நிறுத்துங்கள். இரண்டு மரக்குதிரைத் தாங்கிகளின் மேலோ பழைய மேசை மேலோ கிளாம்பால் பிடித்துவிட்டால் வேலைக்குத் தயார். மேல்தளம் சிறிது மேடாக இருந்தாலும் குற்றமில்லை, பிட்டின் அருகே மரத்தை அழுத்திப் பிடித்தால் ஆழம் மாறாது. பள்ளமாக இருப்பதுதான் கெடுதல், ஏனென்றால் பலகை அந்தக் குழியின் மேல் பாலம்போல் நின்று காடியை ஆழம் குறைத்துவிடும். எம்.டி.எஃப். வேண்டாம், மழைக்காலக் காற்றிலேயே அது ஊதும். வார்ப்பிரும்பைக் கடலோர ஊர்களில் மெழுகு தடவிக் காப்பதே தனி உத்தியோகம்.

மிஞ்சிய பணம் போகவேண்டிய இடங்கள் இருக்கின்றன. முதலாவது பிட். தேக்கில் சிலிக்கா உண்டு, சாதாரண எஃகுப் பிட்டின் முனையை அது வெகுசீக்கிரம் மழுக்கிவிடும். நல்ல கார்பைடு பிட்டுகள் நாலைந்து இருந்தால் வீட்டு வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். அடுத்து காலெட். நம் கடைகளில் 6 மில்லிமீட்டர் தண்டு பிட்டும் கால் அங்குலப் பிட்டும் பக்கம்பக்கமாகக் கிடக்கின்றன. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். கால் அங்குலக் காலெட்டில் 6 மில்லிமீட்டர் தண்டைப் போட்டு முறுக்கினால் பிடித்ததுபோல்தான் இருக்கும். ஓடும்போது நழுவி வெளியேறும். வார்ப்பிரும்பு மேசை அந்த நேரத்தில் யாரையும் காக்காது.

மின்தடை நமக்குப் பழகிய ஒன்று. மேசைக்கடியில் ரூட்டரின் சுவிட்சைப் பூட்டிவைத்து வேலை செய்கிறோம். கரண்ட் போகிறது, துண்டை அப்படியே விட்டுவிட்டு நகர்கிறோம், திரும்ப வரும்போது ரூட்டர் யாரும் தொடாமலே சுழலத் தொடங்குகிறது. மின்சாரம் நின்றால் தானாக விடுபட்டு, மறுபடி அழுத்தினால் மட்டுமே ஓடும் நோ வோல்ட் சுவிட்ச் என்று ஒன்று உண்டு. லிஃப்டோடு ஒப்பிட்டால் அதற்காகும் செலவு மிகச் சிறியது. நம் ஊர் மேசை ஒவ்வொன்றிலும் முதலில் மாட்டவேண்டியது அதுதான். பேரிங் பிட்டில் வளைந்த துண்டை ஓட்டும்போது சாய்த்துப் பிடிக்க, பிட்டின் அருகே நட்டுவைக்கும் சின்னக் கம்பியும் அப்படித்தான். மரத்தூளுக்கு ஒரு நல்ல முகமூடி வாங்குங்கள்; மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்திருக்கிறது.

எளிய மேசை ஆபத்தானது என்று சொல்கிறவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர்களின் கவலை உண்மையானது. கட்டிட வேலையிடங்களில் வட்ட ரம்பத்தைத் தலைகீழாக்கிப் பலகைக்கடியில் கட்டி, மறைப்பே இல்லாமல் ஆசாரிகள் அறுப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ரூட்டர் மேசையில் விபத்து பெரும்பாலும் மூன்று காரணங்களால் வருகிறது: பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே மரத்தை நுழைப்பது, பிட் சுழலும் திசையிலேயே தள்ளுவது, ஒரே ஓட்டத்தில் ஆழமாக வெட்டுவது. இந்த மூன்றும் விலையுயர்ந்த மேசையிலும் அப்படியே நடக்கும். தள்ளுகட்டை, பிட்டை மறைக்கும் ஒரு துண்டு அக்ரிலிக், மரத்தை அழுத்திப் பிடிக்கும் சீப்புக்கட்டை மூன்றையும் கழிவுத்துண்டுகளிலேயே செய்துகொள்ளலாம்.

லிஃப்ட் நிஜமாகவே உதவும் இடம் ஒன்று உண்டு. கதவுப் பலகைகளுக்குச் சரிவு எடுக்கும் மூன்றரை அங்குலப் பிட்டுகளை நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று அளவில் மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். வேகத்தைக் குறைக்க முடியாத டிரிம்மர் என்ற சின்ன ரூட்டரில் அந்தப் பிட்டுகளைக் கனவிலும் மாட்டக்கூடாது. அதற்குப் பெரிய ரூட்டர்தான் வேண்டும், அப்போது ஒவ்வொரு முறையும் குனிந்து அடியில் திருகுவது இடுப்பை ஒடிக்கும். சமையலறை முழுக்கக் கதவு செய்கிறவர் லிஃப்ட் வாங்கட்டும். எதற்காக வாங்குகிறோம் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் அதற்குள் அவர் ஐம்பது காடியாவது எடுத்திருப்பார். அந்த நாள் வந்தாலும் பழைய பலகையைத் தூக்கிப்போட வேண்டாம். அடிக்கடி தேவைப்படும் ஒரு பிட்டை அளவு மாறாமல் நிரந்தரமாக அதிலேயே மாட்டிவைக்கலாம்.