கண்ணீர் சரி, சலான் எங்கே?

தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் புதுச்சேரியில் சுவரொட்டிகளுக்குக் குறைவில்லை. மூன்று நாள் தியானம், முழு இரவு செபம், உள்மன குணமாக்கல் வழிபாடு, எழுப்புதல் பெருவிழா. கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தேக்காரர் என்ற வித்தியாசம் இதில் கிடையாது. நானும் பல கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். எல்லாம் பெரும்பாலும் ஒரே வரிசைதான். முதல் நாள் நரகத்தைப் பற்றிப் பிரசங்கம். இரண்டாம் நாள் விளக்கை மங்கலாக்கி, கீபோர்டை மெதுவாக வாசித்து, எல்லோரையும் அழ வைப்பது. மூன்றாம் நாள் விடுதலை, கைதட்டல், சாட்சியம்.

நான்காம் நாள்? அதற்குச் சுவரொட்டி அடிப்பார் இல்லை. இந்தப் பதிவு அந்த நான்காம் நாளைப் பற்றியது.

அழுகையை நான் கேலி செய்யவில்லை. இராயப்பரே சேவல் கூவியதும் வெளியே போய் மனம் கசந்து அழுதவர்தான். என் சண்டை கண்ணீரோடு அல்ல, கண்ணீரோடு கணக்கை முடித்துவிடுகிற பழக்கத்தோடு.

எங்கள் காலத்து ஞானோபதேசத்தில் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று மனப்பாடம் செய்ய வைத்தார்கள். ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவசங்கீர்த்தனம், அபராதம் தீர்த்தல். நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சில். ஐந்தாவதற்கு அங்கே 'சத்திஸ்ஃபக்சியோன்' என்று பெயர். அதை விளக்க வாத்தியார் சொன்ன சொல் 'ரெப்பாரே'. சைக்கிள் பஞ்சரை ஒட்டுவதும் ரெப்பாரே, செய்த குற்றத்துக்கு ஈடு செய்வதும் ரெப்பாரே. டியூபில் ஓட்டை இருக்கும்போது அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதால் காற்று நிற்காது என்று பத்து வயதுப் பையனுக்கும் விளங்கியது.

இது ஏதோ பழைய காலத்துக் கண்டிப்பு என்று நினைக்க வேண்டாம். 1551இல் திரிதெந்து சங்கம் மனஸ்தாபத்தையும் சங்கீர்த்தனத்தையும் பரிகாரத்தையும் சேர்த்தே சொன்னது. 1992இல் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட மறைக்கல்வி நூலும் அதையேதான் சொல்கிறது. திருடியதைத் திருப்பிக் கொடு, அவதூறு பேசினால் அவன் பெயரை மீட்டுக் கொடு, காயப்படுத்தினால் ஈடு செய். இத்தனை தெளிவாக எழுதி வைத்திருந்தும், இன்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கிடைப்பது என்ன? பெரிய வாரத்தில் நீண்ட வரிசை, ஆளுக்கு இரண்டு நிமிடம், மூன்று அருள் நிறை மந்திரம். பக்கத்து வீட்டுக்காரன் மனையில் இரண்டடி தள்ளி வேலி போட்டவனுக்கும் அதே மூன்று, ஞாயிறு பூசைக்குத் தாமதமாக வந்தவனுக்கும் அதே மூன்று.

நான் அரசாங்கத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன். தணிக்கைக்காரர் அதிகப்படியாகக் கொடுத்த தொகையைக் கண்டுபிடித்து ஆட்சேபணை எழுதினால், "வருந்துகிறோம், இனி நேராது" என்று பதில் எழுதலாம். அழகான தமிழில், அதைவிட அழகான ஆங்கிலத்திலும் எழுதலாம். அடுத்த வருடமும் அதே ஆட்சேபணை அப்படியே நிற்கும். தொகையை வசூலித்துக் கருவூலத்தில் கட்டிய சலான் எண்ணைக் குறித்தால்தான் அந்தப் பத்தி நீங்கும். ஓர் அரசாங்க ஆபீசுக்கு இருக்கிற நேர்மை ஆண்டவருடைய சந்நிதிக்கு இருக்காதா?

சக்கேயுவைப் பாருங்கள். எரிக்கோ ஊரின் வரிவசூல் தலைவன். என் இலாகாக்காரன் என்று சொல்லலாம்! அவன் அழுததாக லூக்கா ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதற்கு நான்கு மடங்கு என்று கணக்குச் சொன்னான். எண்ணிக்கை ஆகமத்தின்படி, குற்றத்தை அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். இவனோ ஆட்டைத் திருடி விற்றவனுக்கு யாத்திராகமம் விதித்த நான்கு மடங்கைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டான். இன்று இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னது அந்தக் கணக்கைக் கேட்ட பிறகுதான்.

"ஐயா, மன்னிப்பு இலவசம். அதை விலைக்கு வாங்கச் சொல்கிறீரா?" என்று எழுப்புதல் பிரசங்கியார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மன்னிப்பு இலவசம்தான். சக்கேயு பணத்தை எடுத்து வைப்பதற்கு முன்பே ஆண்டவர் அவன் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். அருள் முந்திக்கொண்டது. ஆனால் என்னிடம் இருக்கிற பிறத்தியார் பொருள் இலவசம் அல்லவே! கடவுள் மன்னித்துவிட்டார் என்பதற்காக அது எனக்குச் சொந்தமாகிவிடாது.

இனிச் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கும். தனிமனிதன் பாவத்துக்கே இந்தக் கதி என்றால், சபையாகச் சேர்ந்து செய்த பாவத்துக்கு எந்தத் தியானத்தில் அழுதோம்? ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745ஆம் வருடத்துச் செய்தி ஒன்று உண்டு. எங்கள் சம்பாக் கோவிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் தாழ்த்தப்பட்டவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. நாங்களும் உங்கள் சீடர்கள்தானே என்று தாழ்த்தப்பட்டவர்கள் குருவானவரிடம் முறையிட, சுவர் இடிக்கப்பட்டது. சாதிக்காரர்கள் கொதித்துப் போனார்கள். 1761இல் அந்தக் கோவிலையே ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். இப்போது இருப்பது 1791இல் எழும்பியது. தெற்கே வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோவிலில் இரு சாராரையும் பிரித்த சுவர் 1910இல்தான் விழுந்தது. அதற்கும் வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று.

செங்கல் விழுந்தது. மற்றது? இன்றும் பல ஊர்களில் கல்லறைத் தோட்டம் இரண்டு. மணமகள் தேவை விளம்பரத்தில் 'ஆர்.சி.' என்பதன் பக்கத்திலேயே சாதிப் பெயர். ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது, அது பாவம் என்று ஒப்புக்கொண்டது. அதாவது நான்காவது காரியமாகிய சங்கீர்த்தனம் முடிந்தது. ஐந்தாவது எங்கே? அபராதம் தீர்த்தல் எங்கே? இரவு முழுக்க ஆவியானவரை இறங்கி வரச் சொல்லிக் கூப்பிடுகிறோம். விடிந்ததும் தேர் எந்தத் தெரு வழியாகப் போவது என்று சண்டை போடுகிறோம். வந்த ஆவியானவர் எந்தத் தெருவில் இறங்குவார்?

அப்படியானால் செபமே வேண்டாமா என்று கேட்காதீர்கள். செபம் இல்லாமல் இது ஒன்றும் நடக்காது. செபம் என்பது நான் பேசி அவர் கேட்பது மட்டும் அல்ல. பேசி ஓய்ந்து சும்மா இருக்கும்போது ஒரு முகம் நினைவுக்கு வரும். பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போட வைக்கப்பட்ட தங்கையின் முகம். சம்பளம் பிடிக்கப்பட்ட வேலைக்காரியின் முகம். அந்த முகத்தைக் காட்டுவதுதான் செபத்துக்குக் கிடைக்கும் பதில். காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகு என்று மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் சொன்னது இதற்காகத்தான். நாமோ அந்த முகம் எழுந்ததும் ஒலிபெருக்கியைக் கூட்டிவிடுகிறோம்.

தமிழில் இதற்கு வாய்த்திருக்கிற சொல் மனந்திரும்புதல். திரும்புதல் என்றால் போன வழியே நடந்து வருவது. நடக்க வேண்டியது காலால்.

ஆகவே அடுத்த தியானத்தை நடத்தப் போகும் சுவாமிமார்களுக்கும் போதகர்களுக்கும் இந்தக் கிழவனின் விண்ணப்பம் ஒன்று. மூன்று நாளோடு கூட்டத்தை முடிக்காதீர்கள். நான்காம் நாள் பந்தல் வேண்டாம், மைக் வேண்டாம், காணிக்கை உண்டியும் வேண்டாம். "இன்று போய் யாருக்கு எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமோ கொடுத்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லி சனங்களை அனுப்பிவிடுங்கள். ஐந்தாம் நாள் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று பார்க்கலாம். பத்துப் பேர் வந்தாலும் அந்தப் பத்துப் பேரைக் கொண்டு ஒரு பங்கையே புதுப்பித்துவிடலாம்.