பட்சிராஜன் தொடுத்த வழக்கு

திரைப்படத்தைப் பார்த்துவிட்டு மறந்துவிடுவோர் பலர். பார்த்த படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வழக்காடுவோர் சிலர். அந்தச் சிலருக்காகவே இப்பகுதி எழுதப்பெறுகின்றது. இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்டிருப்பவை இயக்குநர் ஷங்கரின் 'எந்திரன்', '2.0' என்னும் தொடர்ப்படங்கள் இரண்டு. முன்னது 2010 அக்டோபர் முதல் நாளிலும், பின்னது 2018 நவம்பர் 29ஆம் நாளிலும் வெளிவந்தன. தொலைக்காட்சியில் இவை வரும்போதெல்லாம் வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிடுகின்றன. 'எந்திரனே சிறந்தது' என்பது ஒரு கட்சி. 'இரண்டாவது படத்தில்தான் உலகுக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கின்றது' என்பது மறு கட்சி. இரு கட்சியாரின் வாதங்களையும் தராசில் இட்டுப் பார்ப்போம். தீவில் வாழும் நமக்கு இவ்வழக்கில் தனிப் பங்கு ஒன்று உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

தமிழ்த் திரைக்கு அறிவியற் கற்பனை முற்றிலும் புதியதன்று. வேற்றுலகத்தார் பூமிக்கு வந்து பாடகி ஒருத்தியைக் கொண்டுசெல்லும் கதையை 1963ஆம் ஆண்டிலேயே 'கலை அரசி' காட்டிவிட்டது. ஆயினும் அத்துறை இங்கு வளமாக வளரவில்லை. எழுத்தில் அதனை வளர்த்தவர் சுஜாதா. 'எந்திர'னுக்கு உரையாடல் எழுதியோருள் அவரும் ஒருவர். படம் முடியுமுன்னே, 2008 பிப்ரவரியில் அவர் மறைந்தார். இருப்பினும் அவருடைய சிந்தனையின் முத்திரையை அப்படத்தின் முற்பகுதியில் தெளிவாகக் காணலாம்.

அம்முற்பகுதியின் சிறப்பு யாது? இயந்திரம் ஏன் தவறு செய்கின்றது என்ற வினாவுக்கு அது தரும் விடையே சிறப்பு. தீப்பற்றிய அடுக்குமாடியிலிருந்து மக்களை மீட்கின்றது சிட்டி என்னும் இயந்திரம். குளித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தியையும் ஆடையின்றி அப்படியே தூக்கிவந்து கூட்டத்தின் நடுவே நிறுத்துகின்றது. அவள் நாணம் தாளாது ஓடி, வண்டியில் அடிபட்டு இறக்கின்றாள். உயிரைக் காக்கும்படி சிட்டிக்குச் சொல்லியிருந்தார்கள். மானம் என்ற ஒன்று உண்டென்று சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தால் விளைந்த தீமை அன்று அது. சொன்னதைச் சொன்னபடி செய்ததால் விளைந்த தீமை. மனிதருக்குத் தீங்கு செய்யாதிருப்பது இயந்திர மனிதனின் முதற் கடமை என்று ஐசக் அசிமாவ் 1942ஆம் ஆண்டுக் கதையொன்றில் விதி வகுத்தார். தீங்கு என்பது எது என்று அவ்வியந்திரம் எவ்வாறு அறியும் என்று நம் படம் கேட்கின்றது. பகைவன், நண்பன் என்ற வேறுபாடு அறியாத இயந்திரத்தைப் படைக்குத் தரலாமா என்று பேராசிரியர் போரா வினவுகின்றார். அவருடைய உள்நோக்கம் தீயது. கேட்ட கேள்வி நல்லது. வில்லனின் வாயில் நல்ல கேள்வியை வைத்ததே அப்படத்தின் நேர்மை. எண்ணும் இயந்திரங்கள் நம் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்ட இந்நாளில் அக்கேள்வி முன்னினும் கூர்மை பெற்றிருக்கின்றது.

குறைகளும் உண்டு. சிட்டிக்குக் காதல் தோன்றியபின் சிந்தனை பின்வாங்கி, சண்டை முன்வருகின்றது. நூற்றுக்கணக்கான சிட்டிகள் பந்தாகவும் பாம்பாகவும் திரள்வது கண்ணுக்கு விருந்துதான். தந்திரக் காட்சிகளுக்கும் கலை அமைப்புக்கும் தேசிய விருதுகள் கிடைத்தமை தகுதி நோக்கியே. ஆனால், கேட்ட கேள்விக்கு விடை தேடாமல் வாணவேடிக்கை விடுவது பாதி வழியில் பயணியை இறக்கிவிடுவது போன்றது. மருத்துவம் பயிலும் மாணவியாகிய சனாவும், தனக்கென ஒரு மனம் உடையவளாக அன்றி, இருவர் இழுக்கும் பரிசுப்பொருளாகவே நிற்கின்றாள்.

இனி, '2.0'. இப்படத்தில் நகரிலுள்ள கைப்பேசிகள் எல்லாம் கைகளை விட்டுப் பறந்து போகின்றன. பறந்தவை ஒன்றுகூடி மாபெரும் பறவையாகின்றன. இக்கற்பனை தமிழ்த் திரையில் அரிய ஒன்று என்பதை எதிர்க்கட்சியாரும் ஒப்புவர். டூயட் பாட்டுக்களால் கதையை நிறுத்தாமையும் பாராட்டத் தக்கது. எல்லாவற்றினும் மேலாக, இதன் வில்லனுக்கு ஒரு நியாயம் இருக்கின்றது. பட்சிராஜன் பறவைகளைப் பேணும் முதியவர். கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் மடிகின்றன என்று அவர் நிறுவனங்களிடமும் அரசிடமும் நீதிமன்றத்திடமும் முறையிடுகின்றார். எங்கும் கதவு திறக்கவில்லை. கோபுரத்திலேயே தூக்கிட்டு உயிர் விடுகின்றார். பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் சாயல் அப்பாத்திரத்தில் உண்டென்பது பலரும் அறிந்ததே.

இவ்வளவு வலிய ஒரு வழக்காளியைப் படைத்துவிட்டு, படம் அவருக்கு இழைக்கும் அநீதி என்ன? அவரை ஆவியாக்கிவிடுகின்றது. உயிரோடு இருந்தபோது சான்று கொண்டு பேசியவர், இறந்தபின் ஒளிவட்டமாகி நகரை அழிக்கின்றார். அறிவியற் கதையாகத் தொடங்கியது பேய்க் கதையாக முடிகின்றது. சிறு சிட்டிகள் புறாக்களின் முதுகில் ஏறி வந்து, பறவைகளையே பணயமாக வைத்து அவரை மடக்குகின்றன. பறவையை நேசித்தவரைப் பறவையைக் காட்டி வீழ்த்துவது வெற்றியா? இறுதியில் விஞ்ஞானி வசீகரன், முதியவர் கூறியதில் நியாயம் உண்டென்கின்றார். உயிரோடிருந்த காலத்தில் மறுக்கப்பட்ட செவி, ஊர் அழிந்த பிறகு கிடைக்கின்றது. இதனைப் படத்தின் குறை என்பர் சிலர். நாட்டு நடப்பே அதுதான் என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையே.

பெரிய குறை வேறொன்று. குற்றவாளிக் கூண்டில் படம் நிறுத்துகின்ற கதிர்வீச்சு உண்மையிலேயே குற்றவாளிதானா? படம் வெளிவருமுன்னரே கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது. தன்னலம் கருதி முறையிட்டது என்பதால் அதன் வாதத்தைத் தள்ளிவிட இயலாது. 2020ஆம் ஆண்டு வெளிவந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, சிட்டுக்குருவி பெருநகரங்களில் குறைந்திருப்பினும், நாடு முழுவதும் நோக்கின் ஏறத்தாழ நிலையாகவே இருக்கின்றது என்று கூறுகின்றது. கோபுரக் கதிர்வீச்சே குருவியைக் கொன்றது என்பதற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை. குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சி இல்லாமை, கூடு கட்ட இறவாணமும் சுவர்ப் பொந்தும் இல்லாமை ஆகியவையே வலிய காரணங்களாகப் பேசப்படுகின்றன.

அதனால் அச்சம் முழுவதும் பொய் என்று கூறிவிடவும் முடியாது. செருமனியின் ஓல்டன்பர்க் நகரில், மனிதர் உண்டாக்கும் மின்காந்த இரைச்சலால் ராபின் என்னும் குருவி திசையறியும் ஆற்றலை இழப்பதை அறிஞர்கள் கண்டு 2014இல் வெளியிட்டனர். அவ்விரைச்சலோ கைப்பேசி அலைகளைவிட மிகத் தாழ்ந்த அதிர்வெண் உடையது. கோபுரக் கதிர்வீச்சுக்கு அனைத்துலக நெறியில் உள்ள வரம்பில் பத்தில் ஒரு பங்கையே இந்திய அரசு 2012 செப்டம்பர் முதல் அனுமதித்து வருகின்றது. எச்சரிக்கை வேண்டும், ஆனால் எச்சரிக்கை வேறு, தீர்ப்பு வேறு.

'கதைக்குக் கணக்குப் பார்க்கலாமா?' என்று இளைஞர்கள் கேட்பார்கள். கதையில் நரி பேசலாம், பறவை மாளிகை கட்டலாம், நமக்குத் தடையில்லை. ஆனால் அண்டை வீட்டான்மீது கொலைக்குற்றம் சாட்டும்போது சான்று கேட்காமல் இருக்க முடியுமா? தவறான குற்றவாளியைத் தண்டித்தால் உண்மையான குற்றவாளி தப்பிவிடுவான். இதுவே நம் கவலை.

இனி, தீவில் வாழும் நம்முடைய பங்கிற்கு வருவோம். கைப்பேசி என்பது மெயின்லாந்தில் வசதி. நமக்கு அது உறவு. சென்னைக்குக் கப்பலில் மூன்று நாள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கிய பின்னர், தொடர்பு அறுந்து, இக்கரையில் உள்ளோர் உயிரோடிருக்கின்றனரா என்று அறியாமல் அக்கரையில் உள்ளோர் தவித்த தவிப்பை நம் இல்லங்கள் மறவா. செயற்கைக்கோளை மட்டுமே நம்பி, பேச்சு பாதியில் அறுபட்ட காலமும் நெடிது. 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள், சென்னையிலிருந்து இந்நாளில் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேருக்கும், கார் நிக்கோபார், கமோர்ட்டா முதலிய தீவுகளுக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பி தொடங்கிவைக்கப்பட்டது. அதன் பின்னரே பாட்டியின் முகத்தைப் பேரப்பிள்ளை தடையின்றிக் காண முடிந்தது. ஆகவே, கைப்பேசியைத் தூக்கி எறியுங்கள் என்னும் அறிவுரை நமக்குப் பொருந்தாது.

பறவையும் நமக்கு அயலன்று. நார்கொண்டம் என்னும் எரிமலைத் தீவு ஏறத்தாழ ஏழு சதுர கிலோமீட்டரே பரப்புடையது. அங்கு வாழும் இருவாய்ச்சிப் பறவை உலகில் வேறெங்கும் இல்லை. முதிர்ந்த மரத்தின் பொந்தினுள் பேடை தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்க, சேவல் இரை கொணர்ந்து ஊட்டும். அத்தீவில் கண்காணிப்பு ரேடார் நிலையம் அமைக்கக் கடலோரக் காவற்படை விரும்பியது. 2012இல் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன் அனுமதி மறுத்தார். 2014இல் அடுத்து வந்த அரசு அனுமதித்தது. எல்லைக் காவலும் வேண்டியதே; அரிய உயிரும் வேண்டியதே. ஆனால் அன்பர்கள் ஒன்றை நோக்க வேண்டும். அங்குப் பறவை அறிஞர்கள் அஞ்சியது அலைகளை அன்று. காட்டை ஊடறுத்துச் செல்லும் சாலை, வெட்டப்படும் மரம், மின்நிலையம், மனித நடமாட்டம் இவற்றையே அஞ்சினர். ரேடார் இருந்த இடத்திலேயே கோடரிதான் குற்றவாளி என்றால், கண்ணுக்குத் தெரியாத அலைமீது பழியைப் போட்டுவிட்டுக் கண்ணுக்குத் தெரியும் கோடரியை '2.0' மறந்தது எவ்வளவு பெரிய இழப்பு!

பட்சிராஜனுக்கு மாற்றான மனிதர் ஒருவரும் இத்தீவுகளில் உழைத்தார். கோயம்புத்தூரில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் அவர். எச்சிலால் கூடு கட்டும் உழவாரன் குருவியின் கூடுகள், சீன நாட்டுச் சூப்புக்காகக் குகை குகையாகக் கொள்ளை போயின. அவர் கூடெடுப்போரைப் பகைவராகக் கருதவில்லை. வனத்துறையோடு சேர்ந்து அவர்களையே குகைக் காவலராக்கினார். குஞ்சு பறந்து சென்ற பின்னர்க் கூட்டை எடுத்தால் குருவியும் பிழைக்கும், நீங்களும் பிழைப்பீர்கள் என்பதே அவர் காட்டிய வழி. வட அந்தமானின் குகைகளில் குருவி மீண்டும் பெருகியது. 2009 சனவரியில் அவர் மறைந்தார். ஆவியாக வந்து எவரையும் அவர் அச்சுறுத்தவில்லை. அவர் வகுத்த வழியே நின்று பேசுகின்றது.

ஆதலின் நம் தீர்ப்பு இது. சிந்தனைக்கு 'எந்திர'னின் முற்பாதி. கற்பனைக்கும் துணிவுக்கும் '2.0'. மனிதன் தன் வசதிக்காகப் பிற உயிரின் இடத்தைப் பறிக்கின்றான் என்ற பட்சிராஜனின் வழக்கு நியாயமானது. ஆனால் அவர் சுட்டிய குற்றவாளி தவறு. கையாண்ட முறை அதனினும் தவறு. பிள்ளைகளுக்கு இப்படங்களைக் காட்டுங்கள், தடுக்க வேண்டா. படம் முடிந்ததும் மறுநாள் காலை சிடியா டாப்புக்கு அழைத்துச் செல்லுங்கள். கைப்பேசியையும் எடுத்துச் செல்லலாம். அங்கே கேட்கும் பறவைக் குரலை அதில் பதிந்து ஊரிலிருக்கும் பாட்டிக்கு அனுப்பிவைத்தால், பறவைக்கும் கைப்பேசிக்கும் பகை தேவையில்லை என்பதைப் பிள்ளைகள் தாமே தெரிந்துகொள்வர்.