கைப்பேசி: கல்விக்குத் துணையா? பகையா?

"போனைக் கீழே வெச்சிட்டுப் படி!" இது என் தாய் நாள்தோறும் எனக்கு இடும் கட்டளை. போனில்தான் படிக்கிறேன் என்றால் அவர் நம்புவதில்லை. அவர்மீது குறையில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். படிப்பென்றால் புத்தகம், கரும்பலகை, ஆசிரியர் என்றே அவர் அறிவார். நம் பேராசிரியர்கள் சிலருக்கும் இதே ஐயம் உண்டு. அது நியாயமானதுதானா?

கிரிவலப் பாதையில் எங்களுக்கு ஒரு சிறு டீக்கடை. பௌர்ணமி இரவு முழுதும் நான் அங்கே இருந்தாக வேண்டும். சென்ற பருவத்தில் ஒளியின் குறுக்கீட்டு விளைவு எனக்கு விளங்கவில்லை. வகுப்பில் எழுந்து கேட்கவோ கூச்சம். பௌர்ணமியன்று திரளும் கூட்டத்தில் இணையம் நின்றுவிடும் என்பதால், என்.பி.டி.இ.எல். விரிவுரை ஒன்றை முதல் நாளே பதிவிறக்கி வைத்தேன். டம்ளர்களைக் கழுவி முடித்த விடியற்காலையில் மூன்று முறை கேட்டேன். ஓரளவு விளங்கியது. எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காத ஆசான் அல்லவா அது!

ஆனால் மறுபக்கமும் உண்டு. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய அத்திட்டத்தின் விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்வழியில் பயின்ற என் நண்பன் பத்து நிமிடம் கேட்டான். பதினோராம் நிமிடம் சினிமாப் பாட்டுக்குத் தாவினான். அவனை ஏன் குறை கூற வேண்டும்? நானும் அப்படித் தாவியவன்தானே!

கருவி கிடைத்துவிட்டால் கல்வி வந்துவிடுமா? 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9,69,047 கல்லூரி மாணவர்க்கு நாள்தோறும் 2 ஜி.பி. இணைய வசதி இலவசம் எனத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல திட்டமே. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் வீட்டில் இருந்ததோ ஒரே போன். அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இணையம் இருந்தும் பயன் என்ன?

மாணவர்கள் கைப்பேசிவழிக் கல்வியை ஏற்கிறார்களா என்று கேட்டால், ஏற்கிறோம் என்பேன். ஆசிரியருக்கு மாற்றாக அன்று, துணையாக. 'ஸ்வயம்' தளப் பாடங்கள்வழி 40 விழுக்காடு வரை மதிப்பெண் புள்ளிகள் பெறப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிகள் இடந்தருகின்றன. கதவு திறந்திருக்கிறது, கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஆள் வேண்டும். ஒவ்வோர் அலகு முடிந்ததும் கேட்கத்தக்க ஒரு விரிவுரையை ஆசிரியர் சுட்டட்டும். மறு வகுப்பில் பத்து நிமிடம் ஐயம் தீர்க்கட்டும். போன் இல்லாதவர்க்கு நூலகக் கணினி கிடைக்கட்டும். மாணவத் தோழர்களே, அந்தப் பத்து நிமிடத்தில் எழுந்து கேட்கும் துணிவு நமக்கும் வேண்டும்.

அன்று விடியலில் அம்மா என் தோள்வழியே எட்டிப் பார்த்தார். திரையில் கரும்பலகை; அருகே ஒருவர்.

"இவரு உங்க வாத்தியாரா?"

"இவரும் வாத்தியார்தாம்மா. ஆனா சந்தேகம் வந்தா எங்க சார்கிட்டதான் போய்க் கேக்கணும்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. போனைக் கீழே வை என்றும் சொல்லவில்லை.

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்