குட்டி நொண்டினால் முதலில் தரையைப் பாருங்கள்!

ஈன்று மூன்று நாள்தான் ஆகிறது. மற்ற குட்டிகள் எல்லாம் தாயின் மடியில் முட்டி மோதிப் பால் குடிக்க, ஒன்று மட்டும் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நிற்கிறது. வெண்பன்றி வளர்ப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி இது. பலரும் உடனே மருந்து தேடி ஓடுகிறார்கள். ஆனால், வினை பல நேரங்களில் தரையில்தான் இருக்கிறது.

பிறந்த குட்டியின் எடை ஒன்றரை கிலோவுக்குள்தான் இருக்கும். குளம்பும் பாதமும் இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. ஆனால், அந்தக் கால்களுக்கு முதல் நாளிலிருந்தே ஓயாத வேலை. ஏறக்குறைய மணிக்கு ஒரு முறை பால் குடிக்க வேண்டும். அப்போதெல்லாம் முன் முழங்கால்களை மடக்கித் தரையில் ஊன்றி, பின்னங்கால்களால் உந்தித்தான் மடியைப் பிடிக்கும். தரை சொரசொரப்பாக இருந்தால் முழங்கால் தோல் உரிந்துவிடும். பாதம் சிவந்து கன்றிப்போகும்.

சின்னச் சிராய்ப்புதானே?

அப்படி விட்டுவிட முடியாது. சாணமும் சிறுநீரும் கலந்த தரையில் கிருமிகளுக்குக் குறைவில்லை. காயத்தின் வழியே அவை ரத்தத்தில் கலந்து மூட்டுக்குப் போனால், மூட்டு வீங்கிக் குட்டி நொண்டத் தொடங்கும். பிறந்த சில நாள்களிலேயே ஒவ்வொரு குட்டியும் தனக்கென ஒரு காம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நொண்டும் குட்டியால் போட்டி போட முடியாது. பால் குறையும், எடை ஏறாது. தாய் படுக்கும்போது சட்டென்று விலக முடியாமல் அடியில் சிக்கி இறப்பதும் உண்டு.

சந்திலும் ஆபத்து

கழிவு கீழே இறங்குவதற்காகச் சந்து விட்டுத் தரை அமைக்கும் பண்ணைகளில் வேறொரு சிக்கல். சந்து அகலமாக இருந்தால் சின்னக் குளம்பு அதில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குச் சட்டமே போட்டிருக்கிறது. கான்கிரீட் தரையில் சந்தின் அகலம் பால்குடிக் குட்டிகளுக்கு 11 மில்லிமீட்டரையும், பால் மறந்த குட்டிகளுக்கு 14 மில்லிமீட்டரையும் தாண்டக் கூடாது. பால்குடிக் குட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்து படுக்கும் அளவுக்காவது, சந்து இல்லாத தரையோ, விரிப்போ, வைக்கோலோ இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

புதிதாகப் போட்ட சிமென்ட் தரையில் உடனே பன்றியை ஏற்றக் கூடாது. புது சிமென்ட்டின் காரம் பிஞ்சுத் தோலைப் புண்ணாக்கும். நன்றாகக் காயவிட்டு, பல முறை கழுவிய பிறகே விட வேண்டும். கொத்தனார் கண்ணாடிபோல மழமழவென்று பூசினால் வழுக்கும். கரடுமுரடாக விட்டால் கிழிக்கும். இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் நல்ல தரை. தண்ணீர் தேங்காமல் ஓட, மீட்டருக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் சரிவு போதும்.

குட்டிகள் பால் குடிக்கும் இடத்தில் வைக்கோலைத் தடிமனாகப் பரப்பலாம். பெயருக்கு ஒரு கைப்பிடி தூவினால் முழங்கால் தேய்வது நிற்காது. நனைந்த வைக்கோலை அன்றன்றே மாற்ற வேண்டும். ஈரத்தில் ஊறிய குளம்பு மென்மையாகி இன்னும் எளிதாகக் காயப்படும். வைக்கோல் கிடைக்காத இடங்களில் ரப்பர் விரிப்பு உதவும்.

முதல் வாரத்தில் தினமும் குட்டிகளைத் தூக்கிப் பாதத்தையும் முழங்காலையும் பார்ப்பது நல்லது. மூட்டு வீங்கியிருந்தாலோ, குட்டி பால் குடிக்க வராவிட்டாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது.

தரை சரியா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. கழுவிக் காய்ந்த தரையில் வெறும் முழங்காலை ஊன்றி, ஒரு நிமிடம் முன்னும் பின்னும் நகர்ந்து பாருங்கள். உங்களுக்கே எரிந்தால், மூன்று நாள் குட்டிக்கு எப்படி இருக்கும்?