ஓட்டத் தெரிஞ்சா மட்டும் போதுமா பாஸ்?



சேத்தியாத்தோப்பு பக்கத்துல இருக்கு வளையமாதேவி. அங்கேர்ந்து நெய்வேலிக்கும் சிதம்பரத்துக்கும் படிக்கப் போற பசங்ககிட்ட, ‘கையில கொஞ்சம் காசு வந்தா முதல்ல என்னப்பா வாங்குவே?’னு கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் கண்ணை மூடிக்கிட்டு சொல்ற பதில், ‘பைக்!’ வளையமாதேவி என்ன... உங்க காலேஜ் கேன்டீன்ல கேட்டாலும் இதே பதில்தானே?

அதனால இந்த வாரம் ஒரு பைக் பிரியரைப் பார்க்கலாம். இவர் லடாக் போய் போட்டோ எடுத்துக்கிட்டவர் இல்லை. வீலிங் அடிச்சவரும் இல்லை. இவர் பைக் மேல ஆசைப்பட்ட காலத்துல, கோயமுத்தூர் ஜில்லாவுல மோட்டார் சைக்கிளைக் கண்ணால பார்த்தவங்களே கம்மி. பேரு, ஜி.டி. நாயுடு.

‘அட, அவர் விஞ்ஞானியாச்சே!’ங்கிறீங்களா? ஆமாம். ஆனா, அந்த விஞ்ஞானி கிளம்பினது ஒரு பைக்லேர்ந்துதான்!

கலங்கல் கிராமத்துப் பையன்

1893 மார்ச் 23-ல் கோவை பக்கத்துல கலங்கல் கிராமத்துல பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். தொடக்கப் பள்ளியோட படிப்புக்கு டாட்டா காட்டிட்டார்.

வாலிப வயசுல ஒருநாள், வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருத்தர் மோட்டார் சைக்கிள்ல போறதைப் பார்க்கிறார். இங்கிலாந்துல தயாரான ‘ரட்ஜ்’ வண்டி. மாடு இழுக்கலை, ஆள் மிதிக்கலை, ஆனா ஓடுது! இதைப் பார்த்துட்டு நாமளா இருந்தா, ‘செம வண்டி மச்சி’னு சொல்லிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்போம். அவருக்குத் தூக்கம் போச்சு. ‘இது எப்படி ஓடுது?’

வண்டி வேணும். காசு இல்லை. கோவைக்குப் போய் ஒரு ஹோட்டல்ல சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். டேபிள் துடைச்சு, இட்லி பரிமாறி, காசு சேர்த்தார். சேர்ந்ததும் அந்த அதிகாரிகிட்டயே போய் 300 ரூபாய்க்கு வண்டியை வாங்கினார். அந்தக் காலத்து 300 ரூபாய், ஒரு சர்வருக்கு மலை மாதிரியான தொகை.

இதுக்கு அப்புறம் அவர் செஞ்சதுதான் மேட்டரே. வாங்கின வண்டியில ஊரைச் சுத்தி பந்தா காட்டலை. உட்கார்ந்து ஒவ்வொரு பாகமா கழற்றினார். மறுபடி மாட்டினார். வகுப்பு எடுக்க வாத்தியார் இல்லை. அந்த ரட்ஜ்தான் அவருக்குப் புத்தகம், வாத்தியார், பரீட்சை எல்லாம். அப்படியே மெக்கானிக் ஆயிட்டார்.

காசு போச்சு, கை இருந்துச்சு

‘சரி பாஸ், அப்புறம் கோடீஸ்வரர் ஆயிட்டார், சுபம்’னு நினைக்காதீங்க. நடுவுல பருத்தித் தொழில்ல இறங்கி நல்லா சம்பாதிச்சார். அந்தப் பணத்தோட பம்பாய்க்குப் போய், பருத்தி வியாபாரத்துல அத்தனையையும் தொலைச்சிட்டுத் திரும்பினார்.

அப்ப அவர்கிட்ட மிச்சம் இருந்தது என்ன? ரட்ஜைக் கழற்றி மாட்டின கை! அதை நம்பித்தான் 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோட பொள்ளாச்சி - பழனி ரூட்ல இறங்கினார். ஓட்டினதும் அவர்தான். அந்த ஒரு பஸ் வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாச்சு. அப்புறம் எலெக்ட்ரிக் மோட்டார், ஷேவிங் ரேஸர், ரேடியோனு அவர் கை வைக்காத துறை இல்லை. 1952-ல் 2,000 ரூபாய் விலையில ரெண்டு பேர் போற கார்கூட செஞ்சு காட்டினார். அரசாங்க லைசென்ஸ் கிடைக்காம அது நின்னு போச்சு. நின்னது கார்தான். மனுஷன் நிக்கலை.

இன்னொரு சம்பவம், நம்ம ஏரியா. 1945-ல் கோவையில தொடங்கின ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரிக்கு (இன்னிக்கு அதுதான் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி.) அவர்தான் பிரின்சிபால். கல்லூரி வாசலையே மிதிக்காதவர் கல்லூரிக்குப் பிரின்சிபால்! ‘இன்ஜினீயரிங் படிக்க எதுக்கு 4 வருஷம்? 2 வருஷமே தாராளம்’னார். அரசாங்கம் ஒத்துக்கலை. பதவியை விட்டுட்டார். அவர் சொன்ன கணக்கு சரியா, தப்பானு ஹாஸ்டல்ல ராத்திரி முழுக்கச் சண்டை போட்டுக்குங்க. ஆனா, அந்தக் கணக்கு எங்கேர்ந்து வந்துச்சுங்கிறது புரியுது. ‘தொட்டுப் பார்த்துக் கத்துக்கிட்டா சீக்கிரம் வரும்’ங்கிறது அந்த ரட்ஜ் அவருக்குச் சொன்ன பாடம்.

இப்ப வளையமாதேவிக்கு வாங்க

2023 ஜூலை மாசக் கடைசி. பரவனாற்றுக்கு மாற்றுப் பாதை வெட்ட, வளையமாதேவி வயலுக்குள்ள என்.எல்.சி.யோட ராட்சத இயந்திரங்கள் இறங்கின. கதிர் பிடிக்கிற நேரத்துல நெற்பயிரோட வாய்க்கால் வெட்டின அந்தக் காட்சியைத் தமிழ்நாடே டி.வி.யில பார்த்துச்சு. ‘நிலம் ஏற்கெனவே கையகப்படுத்தினது’ன்னு நிறுவனம் சொல்லுச்சு. ‘அறுவடை வரைக்கும் பொறுக்கக் கூடாதா?’னு ஊர் கேட்டுச்சு. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு.

நிலத்தை நம்பி இருந்த வீட்டுல, கைக்கு வர்ற காசு பெரிசாத் தெரியும். ஆனா, அது ஒரு தடவைதான் வரும். நிலம் வருஷா வருஷம் விளையும். அந்த வீட்டுப் பையன் ‘எனக்கு ஒரு பைக்’னு கேட்டா தப்பா? தப்பே இல்லைங்க. பஸ்ஸுக்கு வழி பார்த்து நிக்கிற ஊர்ல பைக்ங்கிறது ஆடம்பரம் இல்லை, காலு! கேள்வி ஒண்ணுதான். அந்த வண்டி உங்களை எங்க கொண்டு போகப் போகுது? டீக்கடை வரைக்குமா, இல்லை அதுக்கும் மேலயா?

வண்டி பழசாகும், பாதி விலைக்குப் போகும். காசு கரையும். நிலத்தைக்கூட அளந்து எடுத்துக்க முடியும். கையில ஏறின தொழிலை மட்டும் யாரும் கையகப்படுத்த முடியாது. பம்பாய்லேர்ந்து வெறுங்கையோட வந்த நாயுடுவுக்குத் தெரிஞ்ச ரகசியம் இது.

முதல்ல பிளக்கைக் கழற்றுங்க!

‘நானும் கழற்றட்டுமா?’னு ஸ்பேனரைத் தூக்கிட்டீங்களா? பொறுங்க, பொறுங்க! அப்பாவோட வண்டியை மொத்தமா பிரிச்சுப் போட்டு என்னை மாட்டி விடாதீங்க. ஸ்பார்க் பிளக்லேர்ந்து ஆரம்பிங்க. இன்ஜின் நல்லா ஆறின பிறகு பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்க. இளம் பழுப்பா இருந்தா உள்ளே எரியறது சரி. கரி படிஞ்சு கறுப்பா இருந்தா பெட்ரோல் அதிகம், காத்து கம்மி. ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கானு பாருங்க. வெளுத்துப் போயிருந்தா இன்ஜின் அளவுக்கு மேல சூடாகுதுனு அர்த்தம். ஒரு சின்ன பிளக் இவ்வளவு பேசும்!

அடுத்தது, ஃபோர் ஸ்ட்ரோக். இழு, அமுக்கு, வெடி, தள்ளு. இந்த நாலு வேலையையும் ஒரு பேப்பர்ல படம் போட்டு உங்க தங்கச்சிக்குப் புரிய வைங்க. அவளுக்குப் புரிஞ்சா உங்களுக்குப் புரிஞ்சிருக்குனு அர்த்தம். (அவ உங்களைவிட வேகமா பிளக்கைக் கழற்றினா ஆச்சரியப்படாதீங்க!) 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ்.-6 வண்டிகள்ல பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. கம்ப்யூட்டர்தான் பெட்ரோலை அளந்து விடுது. அதனால, இனிமே மெக்கானிக்குக்கு ஸ்பேனரோட எலெக்ட்ரானிக்ஸும் தெரியணும். கத்துக்கிறவங்களுக்கு வேலை காத்திருக்கு.

வண்டியை உள்ளே திறந்து பார்த்தவனுக்கு அது மேல ஒரு மரியாதை வரும். பிரேக் எவ்வளவு தூரத்துல பிடிக்கும்னு தெரிஞ்சவன் நூத்துல பறக்க மாட்டான். 2022-ல் மட்டும் நம்ம நாட்டுச் சாலைகள்ல 1,68,491 பேர் உயிரை விட்டிருக்காங்க. அதுல 100-க்கு 44 பேர் டூ-வீலர்ல போனவங்க. அதனால ஹெல்மெட்டை டேங்க் மேல வைக்காம தலையில மாட்டுங்க, ப்ளீஸ்.

2025 அக்டோபர்ல கோவை அவிநாசி ரோட்டுல 10 கி.மீ. நீளத்துக்கு ஒரு மேம்பாலம் திறந்தாங்க. அதுக்கு ஜி.டி. நாயுடு பேரைத்தான் வெச்சிருக்காங்க. தினமும் ஆயிரக்கணக்கான பைக்குகள் அவர் பேர் மேலதான் பறக்குது. அதை ஓட்டுறவங்கள்ல எத்தனை பேருக்கு ‘இது எப்படி ஓடுது?’னு கேக்கத் தோணும்?

ஒருத்தருக்காவது தோணுச்சுனா... அவருக்கு இந்தப் பத்தியோட ராயல் சல்யூட்!

அடுத்த வாரம் பார்க்கலாமா?