சிக்ஸ் சிக்மாவா, நாலரை சிக்மாவா?

மக்களே, சிக்மான்னா திட்ட விலக்கம். சராசரியிலிருந்து எண்கள் எவ்வளவு சிதறுதுன்னு காட்டும் எழுத்து. (பெரிய சிக்மா வேற, அது வெறும் கூட்டல்.) இதை வைத்து மோட்டரோலாவில் 1986-ல் ஆரம்பித்ததுதான் 'சிக்ஸ் சிக்மா'. பத்து லட்சத்துக்கு 3.4 பிழைதானாம். மேலாண்மைத் தாளில் இப்படி எழுதினால் மார்க்.

புள்ளியியல் அட்டவணையைப் புரட்டுங்க. 3.4 வருவது நாலரை சிக்மாவில், அதுவும் ஒரு பக்கத்துக்கு! நிஜ ஆறு என்றால் இரண்டு பக்கமும் சேர்த்தே நூறு கோடிக்குச் சுமார் இரண்டு. மீதி ஒன்றரை? நாளாக ஆகச் சராசரி நகருமாம், அதற்குக் கழிவு. பால் பாக்கெட் மிஷினும் கால் சென்டரும் ஒரே அளவாகவா நகரும்? இதற்கு பிளாக் பெல்ட் வேற! இருப்புநிலைக் குறிப்பில் நாங்கள் ஒன்றரை ரூபாய் கழித்தால் மட்டும் காரணம் எங்கேன்னு கேட்கறீங்களே சார்?