பெட்டி சாகவில்லை, சார்!

தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. என்றால் இரண்டு. ஒன்று ரோடு, இன்னொன்று வரி. எதில் மாட்டினாலும் லேசில் வெளியே வர முடியாது. வரி பார்க்கும் சின்ன ஆடிட்டர் ஆபீஸ்களில் இப்போது மூன்றாவதாக ஒரு மாட்டல்.

மேஜைக்கு அடியில் டிபன் கேரியர் சைஸில் ஒரு பெட்டி இருக்கும். நாஸ் என்பார்கள். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். எல்லா கம்ப்யூட்டருக்கும் பொது பீரோ. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததும் பலர் 11-க்குத் தாவினார்கள். மறுநாள் பெட்டியைத் திறந்தால், 'அனுமதி இல்லை'. 20-ம் தேதி ரிட்டர்ன்!

"சார், பெட்டி செத்துப் போச்சு. ரீசெட் பண்ணிடட்டுமா?"

கையை எடுங்க தம்பி! சில பெட்டிகளில் ரீசெட் என்றால் கணக்கு வழக்கு மொத்தமும் காலி. முதலில் பிரவுசரில் பெட்டியின் ஐ.பி. எண்ணை அடியுங்கள். லாகின் பக்கம் வருகிறதா? பெட்டி உயிரோடுதான் இருக்கிறது.

நடந்தது இதுதான். பாஸ்வேர்டு தொல்லை வேண்டாமென்று யாரும் நுழையும்படி 'கெஸ்ட்' வழி வைத்திருப்பார்கள். 2024-ல் வந்த 24எச்2 பதிப்பு முதல் விண்டோஸ் 11 புரோ அதை ஏற்பதில்லை. தகவலுக்குத் தகவல் டிஜிட்டல் கையெழுத்து கேட்கிறது. கையெழுத்தில்லாத செக்கை பாங்க் வாங்குமா?

ரொம்பப் பழைய பெட்டி என்றால் எஸ்.எம்.பி. 1 என்ற பழைய பாஷை மட்டும்தான் பேசும். அதன் ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை உலகமெங்கும் புகுந்து, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அந்த வருஷக் கடைசியிலிருந்து, புதிதாகப் போடும் விண்டோஸில் அந்தப் பாஷை தானாக வருவதில்லை.

"அந்த செக்யூரிட்டியை ஆஃப் பண்ணிட்டா திறந்துடும் சார்" என்பார்கள். திறக்கும்தான். கதவு கிறீச்சிடுகிறது என்று கதவையே கழற்றி வைத்த மாதிரி.

அதற்குப் பதில், பிரவுசர் வழியே பெட்டிக்குள் போய் அதன் சாஃப்ட்வேரைப் புதுப்பியுங்கள். எஸ்.எம்.பி. 2, 3 இரண்டையும் ஆன் செய்யுங்கள். ஆளுக்கொரு பெயர், பாஸ்வேர்டு கொடுங்கள். விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பெயர் இருந்தால் நீக்கிவிட்டுப் புதுப் பெயரில் நுழையுங்கள். புதுப் பாஷை வராத பெட்டியா? ஃபைல்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு ஓய்வு கொடுங்கள்.

எதற்கும் முன்னால் ஒரு காப்பி எடுத்து வேறு வீட்டில், மாடியில் வையுங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரில் புகுந்த வெள்ளம் யாரிடமும் பாஸ்வேர்டு கேட்கவில்லை.